ஒரு கண், ஒரு கை, ஒரு தவளை

(ஆபீஸில் நாளைக்கு மாறுவேடப் போட்டி. இந்த மாதிரி சங்கதியெல்லாம் முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குத்தான் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவரும். அக்கா துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். உள்ளேயிருந்து தம்பியின் குரல்.)

தம்பி: அக்கா, கண்ணை மூடிக்கோ. நான் சொன்னதும் திற.

அக்கா: இன்னும் இருபது துணி இருக்கு. திறந்தே வச்சிருக்கேன், வா.

(தம்பி வருகிறான். ஒரு கண்ணில் கறுப்புப் பட்டை, அதன் மேலேயே மூக்குக்கண்ணாடி. வலது கையில் காகிதக் கப்பைக் கவிழ்த்து, ஹேங்கர் கம்பியை வளைத்துச் சொருகிய கொக்கி. இடது காலில் தொடை வரைக்கும் அட்டைக் குழாய். தோளில் பச்சையாக ஏதோ ஒன்று.)

அக்கா: ஐயய்யோ! எந்த வண்டிடா இடிச்சது?

தம்பி: கடற்கொள்ளைக்காரன்க்கா!

அக்கா: உன்னையா அடிச்சான்?

தம்பி: நான்தான் கொள்ளைக்காரன்! கோடு போட்ட சட்டையும் முக்கால் பேண்ட்டும் போன வாரமே ரெடி. ஆனா அதை மட்டும் போட்டுக் கண்ணாடியில பார்த்தா, தூங்கப் போறவன் மாதிரி இருந்துச்சு. இந்த அயிட்டமெல்லாம் சேர்த்த பிறகுதான் ஆளே வந்தான்.

அக்கா: எங்கே சேர்த்தே? எல்லாம் கழிச்சில்ல வச்சிருக்கே. ஒரு கண்ணு போச்சு, ஒரு கை போச்சு, ஒரு காலு போச்சு. இன்னும் ரெண்டு அயிட்டம் கிடைச்சிருந்தா ஆளே மிச்சமிருக்க மாட்டே.

தம்பி: உனக்குப் பொறாமை.

அக்கா: சரி, அந்தப் பேனாவை எடு. மூடியைப் போடு பார்க்கலாம்.

(கொக்கியில் பேனாவைத் தொங்கவிட்டு, இடது கையில் மூடியைப் பிடித்துக்கொண்டு நெருங்குகிறான். மூடி பேனாவுக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நின்று காற்றை மூடுகிறது. மறுபடி. இந்தத் தடவை பேனாவைத் தாண்டிப் போய்விடுகிறது. மூன்றாவது தடவை பேனா முனை சட்டையில் ஒரு நீலக் கோடு போடுகிறது.)

தம்பி: பேனா சரியில்ல.

அக்கா: பேனாவெல்லாம் சரியாத்தான் இருக்கு. ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தாத்தான் எது கிட்டே, எது தூரம்னு பளிச்சுனு தெரியும். நாளைக்கு உங்க மேனேஜர் பரிசு குடுக்கக் கை நீட்டுவார், நீ அவர் மூக்கைப் பிடிச்சுக் குலுக்குவே.

தம்பி: கொள்ளைக்காரங்க இருட்டுல பார்க்கறதுக்காகத்தான் ஒரு கண்ணை மூடி வச்சிருந்தாங்களாம். வெளிச்சத்துலேர்ந்து இருட்டுக்குப் போனா, கண்ணு நல்லாப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், தெரியுமா?

அக்கா: உங்க ஆபீஸ்ல மேடைக்குப் போற வழியில என்ன, சுரங்கமா இருக்கு? டியூப் லைட்டுக்கு எதுக்குடா பட்டை? சரி, அது கிடக்கட்டும். அப்படியே உட்காரு.

தம்பி: உட்கார முடியாது. கால் மடங்காது.

அக்கா: படி ஏறுவியா?

தம்பி: லிஃப்ட் இருக்கு.

அக்கா: லிஃப்ட் பட்டனைக் கொக்கியால அமுக்குவே.

தம்பி: இடது கை இருக்கே.

அக்கா: அதுல வாள் பிடிக்கணும்னு சாயங்காலமே அட்டையை வெட்டிட்டிருந்தே. இன்னொண்ணு கேட்கிறேன், தப்பா நினைக்காதே. போட்டி எவ்வளவு நேரம்?

தம்பி: ரெண்டு, ரெண்டரை மணி நேரம்.

அக்கா: நடுவுல பாத்ரூம் போகணும்னா?

(நீண்ட மௌனம். தம்பி முதலில் கொக்கியைப் பார்க்கிறான். பிறகு பேண்ட்டின் நாடாவைப் பார்க்கிறான்.)

தம்பி: ...போகாம இருக்கலாம்.

அக்கா: கொள்ளைக்காரன்னா அவ்வளவு தியாகம் பண்ணணுமா? ஜன்னல் பக்கம் போகாதே, திரைச்சீலை—

(கொக்கி திரைச்சீலையைப் பிடித்துக்கொள்கிறது. இழுக்கிறான். கம்பியோடு சேர்ந்து திரை இறங்கி வந்து அவன் தலையில் உட்காருகிறது.)

அக்கா: அடடா, இப்பதான் பேய் வேஷம் பொருத்தமா இருக்கு.

தம்பி: கொக்கி இல்லாம எப்படிக்கா? கொள்ளைக்காரன்னாலே கொக்கி, கட்டைக் கால், கிளி, இதானே அடையாளம்!

அக்கா: யார் சொன்னது? எல்லாம் கதை எழுதினவங்க மாட்டிவிட்டதுடா. தோள்ல கிளி உட்கார்ந்தது 1883ல வந்த ‘ட்ரெஷர் ஐலண்ட்’ கதையில. அந்த ஆளுக்கும் கட்டைக் கால் கிடையாது, கக்கத்துல ஊன்றுகோல்தான். கொக்கி 1904ல லண்டன்ல போட்ட ஒரு நாடகத்துல வர்ற கேப்டனோடது. உன் மருமகனைத் தினமும் தூங்க வைக்கறது நான்தானே, எந்தக் கொள்ளைக்காரன் எந்தக் கதைன்னு எனக்கு அத்துப்படி. நீ ஒரு ஆளா வரல, லைப்ரரியா வந்திருக்கே.

தம்பி: கிளியாவது இருக்கட்டும்.

அக்கா: எது கிளி?

தம்பி: தோள்ல பாரு.

அக்கா: அது தவளைடா.

தம்பி: பச்சையாத்தானே இருக்கு? தூரத்துலேர்ந்து பார்த்தா—

அக்கா: தூரத்துலேர்ந்து பார்த்தா பெரிய தவளை. அது சரி, என் பையன் அந்தப் பொம்மையைக் கட்டிப்பிடிச்சுத்தானே தூங்குவான், எப்படி எடுத்தே?

தம்பி: மெதுவா உருவிட்டு, கையில ஒரு சாக்ஸைக் குடுத்துட்டு வந்தேன்.

அக்கா: துவைச்சதா?

தம்பி: அக்கா, நாம தொப்பியைப் பத்திப் பேசலாம்.

அக்கா: தொப்பின்னு ஒண்ணு இருந்தாத்தானே பேச? முதல்ல வாங்க வேண்டியதை விட்டுட்டியேடா. கடைசி வரிசையில இருக்கறவனுக்குக் கொக்கியா தெரியும்? தலைதான் தெரியும். என்னோட வெயில் தொப்பியை எடுத்துட்டு வா, அகல விளிம்பு வச்சது. அந்தக் காலத்து முக்கோணத் தொப்பின்னா வேற ஒண்ணுமில்ல, வட்டத் தொப்பியோட விளிம்பை மூணு பக்கமும் மேலே மடிச்சு விட்டதுதான். மூணு இடத்துல தையல் போட்டா முடிஞ்சுது.

(தைக்கிறாள். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. வைத்துப் பார்த்தால், இதுவரைக்கும் விபத்தில் சிக்கியவன் போலிருந்தவனுக்குத் திடீரென்று ஒரு கப்பல் வந்துவிடுகிறது.)

தம்பி: அட! இது போதுமே.

அக்கா: இரு. நிஜமா இருந்தவன் ஒருத்தனைச் சொல்றேன், பிளாக்பியர்ட்னு. 1718ல சண்டையில செத்தான். அவன் போனதுக்கு ஆறு வருஷம் கழிச்சு வந்த புத்தகத்துல அவன் எப்படி இருந்தான்னு எழுதி வச்சிருக்காங்க. கண்ணு வரைக்கும் கறுப்புத் தாடி. அதைப் பிரிபிரியாத் திரிச்சு ரிப்பன் கட்டியிருப்பானாம். மார்புல பட்டை மாட்டி ஆறு கைத்துப்பாக்கி. சண்டைக்குப் போறப்போ தொப்பிக்கு அடியில, முகத்துக்கு ரெண்டு பக்கமும், எரியற திரியைச் சொருகிப்பானாம்.

தம்பி: முடி பத்திக்காதா?

அக்கா: அது மெதுவாப் புகையற திரிடா. பார்க்கறவனுக்கு வயித்தைக் கலக்கணும், அதுக்குத்தான். ரெண்டு கண்ணு, ரெண்டு கை, ரெண்டு கால் எல்லாத்தையும் பத்திரமா வச்சுக்கிட்டே ஊரை நடுங்க வச்சிருக்கான் பாரு.

தம்பி: தீப்பெட்டி எங்கே இருக்கு?

அக்கா: அடி விழும். பேட்டரியில எரியற மஞ்சள் விளக்குச் சரம் இருக்கு, அதுல ரெண்டு முழம் எடுத்து நூல் கயிறு சுத்தித் தொப்பிக்கடியில விடறேன். பேட்டரி டப்பா தொப்பிக்குள்ள போயிடும். தாடிக்குக் கறுப்பு உல்லன் நூல். பசை கிசை தடவாதே, முகம் அரிக்கும். எலாஸ்டிக்ல நூலை முடிஞ்சு காதுல மாட்டிக்கோ. தண்ணி குடிக்கணும்னா தாடியைத் தூக்கிட்டுக் குடிக்கலாம்.

தம்பி: துப்பாக்கி?

அக்கா: உன் கட்டைக் காலைக் கழட்டி ஆறாப் பிளந்து சுருட்டு. ஒருவழியா அதுக்கும் வேலை கிடைச்சுது.

(பதினொன்றரை. உல்லன் தாடி, ஆறு அட்டைத் துப்பாக்கி, தொப்பிக்கடியில் மினுக் மினுக்கென்று திரி. தம்பி கண்ணாடி முன்னால் நின்று உறுமிப் பார்க்கிறான். இப்போது முழங்கால் மடங்குகிறது. மடக்கி மடக்கிப் பார்த்துக்கொள்கிறான்.)

தம்பி: எல்லாம் சரி. ஆனா கண்ணுப் பட்டை இல்லாம மனசு கேட்கலக்கா. ஒரு மணி நேரம் தைச்சேன் அதை.

அக்கா: ஒண்ணுக்கு மேல ஒண்ணு மாட்டாதேன்னு இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினேன்.

தம்பி: எனக்கில்ல. இதுக்கு.

(தவளைக்குப் பட்டையைக் கட்டுகிறான். பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம். ஏழு கடலையும் பார்த்து அலுத்துப்போன தவளை மாதிரி ஒற்றைக் கண்ணால் இருவரையும் முறைக்கிறது. அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.)

அக்கா: சரி, வா. தோள்ல உள்பக்கமா ஒரு துணி மடிப்பு வச்சு ஊக்கு குத்திடறேன், சதையில குத்தாது. நீதான் கேப்டன்னு எவனும் நம்ப மாட்டான், அதையும் சொல்லிட்டேன்.

தம்பி: பரவாயில்ல, நான் அதுக்குக் கீழே வேலை பார்க்கிறேன். ராத்திரிக்கு அவன்கிட்டயே வச்சுடறேன், காலையில கிளம்பும்போது வாங்கிக்கலாம்.

அக்கா: பட்டையோடயா வைக்கப் போறே?

தம்பி: ஆமா, எழுந்ததும் பார்த்தா சந்தோஷப்படுவானே.

அக்கா: அப்போ நாளைக்குத் தோள்ல வெறும் ஊக்கோட போ.