அசையும் பாகம் இல்லாவிட்டாலும் கசிவு உண்டு

எஸ்எஸ்டி என்ற கணினிச் சேமிப்பு டிரைவில் ஹார்டு டிஸ்க்போலச் சுழலும் தட்டு கிடையாது, அதனால் பழைய படங்களை அதில் போட்டு அலமாரியில் வைத்தால் எத்தனை வருடமானாலும் அப்படியே இருக்கும் என்கிறது உங்கள் கட்டுரை. மற்றதெல்லாம் சரி, இதை மட்டும் தயவுசெய்து திருத்துங்கள். படிப்பவர்கள் நம்பிவிடுவார்கள்.

ஹார்டு டிஸ்க் தகவலைக் காந்தத் திசையாக எழுதுகிறது. மின்சாரம் இல்லாவிட்டாலும் அது லேசில் மாறாது. எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு மூன்றிலும் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். எலக்ட்ரான்களைக் காப்பு அடுக்குக்குள் அடைத்து வைப்பதுதான் அங்கே பதிவு. எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அடுக்கு கொஞ்சம் சேதமாகிறது. அப்புறம் எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். சூட்டில் இன்னும் வேகமாக. எலக்ட்ரான்களை அடைக்கும் ஒரு சிற்றறையில் 4 பிட் தகவல் வைக்கும் கியூஎல்சி வகை ஃபிளாஷில் 16 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், சின்னக் கசிவே அதைக் குழப்பிவிடும்.

எழுதும் ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, 30 டிகிரி செல்சியஸில் மின்சாரமின்றி 1 வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்பதே சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரவிதி. புதிய டிரைவ் இதைவிட நெடுநாள் தாங்கும், அதனால் பதற வேண்டாம்.

பெட்டிக்குள் வருடக்கணக்கில் கிடந்த என் பென் டிரைவில் பாதிப் படங்கள் திறக்கவே இல்லை. அம்மாவின் படங்கள் அவை. இப்போது ஹார்டு டிஸ்க் ஒன்றிலும் வேறோர் இடத்திலும் பிரதி வைத்திருக்கிறேன், அவ்வப்போது திறந்தும் பார்க்கிறேன்.