கவிதைய நாலு பேர் சேர்ந்து சொல்ற படம்

கே ஆண்களா, அதாவது தன்பாலின ஈர்ப்புள்ளவங்களா இருக்கற கருப்பின அமெரிக்கர்களப் பத்தின ஆவணப்படம் டங்ஸ் அன்டைட். அதப் பத்தி எங்க பேச்சு வந்தாலும் முதல்ல வர்றது அந்த சர்ச்சைதான். 1991ல அமெரிக்காவோட பொது ஒளிபரப்பான பிபிஎஸ் டிவி போடப்போறப்ப நிறைய லோக்கல் ஸ்டேஷன்கள் போடமாட்டோம்னு ஒதுங்கினது, அடுத்த வருஷம் அதிபர் புஷ்ஷ எதிர்த்து அவர் கட்சிக்குள்ளயே போட்டியிட்ட பேட் புக்கானன் அதுலருந்து சில காட்சிய வெட்டி எடுத்து தேர்தல் விளம்பரத்துல போட்டு புஷ் அரசாங்கம் இதுக்கா காசு குடுக்குதுன்னு கேட்டது, எல்லாம் நடந்ததுதான். ஆனா அந்த 55 நிமிஷப் படத்த அந்தச் சண்டைக்குள்ளயே போட்டுப் பூட்டிட்டாங்களேன்னு எனக்கு ரொம்ப ஆதங்கம். ஏன்னா மார்லன் ரிக்ஸ் 1989ல எடுத்தது முழுக்க முழுக்க கவிதைல நடக்குற படம்.

ஆரம்பத்துல வெறும் குரல்தான். சகோதரனுக்கு சகோதரன்னு ஒரே வார்த்தைய திரும்பத் திரும்ப சொல்றாங்க, வேகம் ஏற ஏற ஒரு குரல் மேல இன்னொண்ணு ஏறி தாளமாவே மாறிடுது. படம் முழுக்க இப்படித்தான், கவிஞர் எசெக்ஸ் ஹெம்ஃபில் ஒரு வரி ஆரம்பிச்சா இன்னொருத்தர் அத வாங்கிக்கிறார். ரிக்ஸும் தன் கதையச் சொல்றார், ஜார்ஜியால ஹெஃப்சிபான்ற ஊர்ல பள்ளிக்கூடப் பையனா இருந்தப்ப வாங்கின வசவு, அப்போ ஸ்கிரீன்ல ஆள் தெரியாது, திட்டுற வாய் மட்டும் க்ளோசப்ல, பல்லும் உதடுமா. அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோல கே ஆண்கள் நிறைய இருக்கற காஸ்ட்ரோ பகுதிக்கு வந்தா அங்க எல்லாமே வெள்ளைக்கார கே ஆண்களோட படம், கருப்பு முகத்துக்கு இடமே இல்ல. ரெண்டு பக்கமும் தள்ளப்பட்டவரு ஒண்டியா நின்னு புலம்பாம கூட்டத்த சேர்த்துக்கிட்டு பேசுறார் பாருங்க, அதுதான் எனக்கு இந்தப் படத்தோட உயிர்.

அந்தக் கூட்டம் திடீர்னு வந்ததில்ல. ஃபிலடெல்ஃபியால ஒரு கே புத்தகக் கடைல வேலை பாத்த ஜோசஃப் பீம், கருப்பின கே ஆண்கள் எழுதினது எதுவுமே கிடைக்கலயேன்னு சலிச்சுப்போயி தானே இறங்கி 1986ல இன் த லைஃப்னு ஒரு தொகுப்பு கொண்டு வந்தார். ரெண்டாவது தொகுப்பு வேலை பாதில இருக்கறப்பவே 1988ல எய்ட்ஸ்ல இறந்துட்டார். அத அவர் அம்மா டாரத்தி துணையோட ஹெம்ஃபில்தான் முடிச்சு 1991ல வெளியிட்டார். மகன் விட்டுட்டுப் போன வேலைய அம்மாவும் மகனோட நண்பனும் சேர்ந்து முடிச்சிருக்காங்க, இத யாரும் பெருசா பேசறதில்லையேன்றதுதான் கஷ்டமா இருக்கு.

படத்துல ஒரு இடத்துல இரங்கல் செய்தி போட்டோக்கள் ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும், பின்னாடி இதயத் துடிப்பு சத்தம். எல்லாம் சின்ன வயசு முகங்க. எனக்கு அங்க பேச்சே வரல.

குறையும் இருக்கு, சொல்லியே ஆகணும். பெண்கள் குரல் கிட்டத்தட்ட இல்ல. ஆட்ரி லார்ட், பேட் பார்க்கர் மாதிரி லெஸ்பியன் கவிஞர்கள் இவங்களுக்கு முன்னாடியே எழுதிட்டு இருந்தவங்க. லார்ட் பத்தி 1995ல தனியா ஒரு ஆவணப்படம் வந்துச்சு, எ லிட்டனி ஃபார் சர்வைவல், அதையும் தேடிப் பாருங்க.

ரிக்ஸும் ஹெம்ஃபிலும் 1957ல பிறந்தவங்க, ஒருத்தர் 1994ல, இன்னொருத்தர் 1995ல, ரெண்டு பேருமே எய்ட்ஸ்ல போயிட்டாங்க. ரிக்ஸ் கடைசிப் படத்துக்கு ஆஸ்பத்திரி கட்டில்லருந்தே பேசி ஷூட் பண்ணினார், மீதிய கூட வேலை பாத்தவங்க முடிச்சாங்க. சென்சார் பத்தி பாடம் எடுக்கறவங்க டங்ஸ் அன்டைட்ட தாராளமா காட்டட்டும், ஆனா கவிதை சொல்லித்தர்றவங்களும் காட்டணும், முழுசா, அந்த சர்ச்சைத் துண்டுங்கள மட்டும் இல்லாம.