நீலத்தைக் காட்டாதீர்கள், பாரைக் காட்டுங்கள்

மூன்று வாரமாக இரவு பத்து மணிக்கு மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாலத்தீவில் ஆறு இரவு தங்க ஓர் இடம் வேண்டும். கரையிலிருந்து நீந்தினால் எட்டும் தூரத்தில் பவளப்பாறை இருக்க வேண்டும், அது உயிரோடு இருக்க வேண்டும். டைவிங் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? நாற்பது ரிசார்ட்டுகளின் பக்கங்களைப் பார்த்துவிட்டேன். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத் தவிர, எதிலும் இந்த இரண்டு விஷயமும் இல்லை. எத்தனை வகைத் தலையணை தருவார்கள் என்று இருக்கிறது. நீச்சல் குளத்தில் தட்டு மிதக்கவிட்டுக் காலை உணவு தருவது இருக்கிறது. கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது மட்டும் இல்லை.

எல்லோரும் ஒரே படத்தைப் போடுகிறார்கள். ட்ரோனில் மேலிருந்து எடுத்தது. பால் கலந்த மாதிரி ஒரு வெளிர் நீலம், நடுவில் மரப்பாலம், அதன் இரண்டு பக்கமும் நீருக்கு மேல் வீடுகள். பார்த்தால் யாருக்கும் மனசு இழுக்கும். ஆனால் அந்த நிறம் எப்படி வருகிறது தெரியுமா? இடுப்பளவுத் தண்ணீர், அடியில் வெறும் வெள்ளை மணல், அதில் பட்டுத் திரும்பும் வெயில். உருண்டோடும் மணலில் பவளம் பிடித்து வளராது, அதற்குக் கெட்டியான அடித்தளம் வேண்டும். பவளம் இருக்கும் இடம் மேலிருந்து பார்த்தால் பழுப்பாக, திட்டுத்திட்டாக, அழுக்கு மாதிரிதான் தெரியும். அதற்கு அப்பால் சட்டென்று கருநீலமாக ஒரு கோடு விழும். அந்தக் கோடுதான் பாறை செங்குத்தாக இறங்கும் விளிம்பு. மீனும் ஆமையும் சுறாவும் அங்கேதான். படத்தில் வெளிர் நீலம் எவ்வளவு அகலமோ, அந்த விளிம்பு நம் அறையிலிருந்து அவ்வளவு தூரம். அந்த நீலத்தைக் காட்டித்தான் 'உலகத்தரமான பவளப்பாறை' என்று எழுதுகிறார்கள்.

தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் 'பார்' என்பார்கள். மாலத்தீவின் திவேஹி மொழியில் 'ஃபாரு'. முதன்முதலில் கேட்டபோது நம் ஊர்ச் சொல் போலவே இருந்தது. அடியிலிருந்து எழுந்து மேலே வராமல் நிற்கும் குன்றுக்குத் 'திலா', இன்னும் மேலே நீர்மட்டத்துக்குப் பக்கம் வரை வந்துவிட்டால் 'கிரி', இரண்டு பார்களுக்கு நடுவே கடல் உள்ளே புகும் வாய்க்கு 'கண்டு'. வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டத்துக்கு உலகம் முழுக்கச் சொல்லும் 'அட்டால்' என்ற சொல்லே அந்த மொழியின் 'அத்தொளு'விலிருந்து போனதுதான். கடலடியை இவ்வளவு நுணுக்கமாகப் பெயரிட்டுப் பிரித்து வைத்திருக்கிற ஊரில் இருந்துகொண்டு, ரிசார்ட்டுக்காரர்களுக்கு வாயில் வருவது 'ஹவுஸ் ரீஃப்' என்ற ஒரே சொல், அதாவது தங்கும் தீவை ஒட்டியே இருக்கும் பார். அங்கே தீவுகள் எல்லாமே பவளத்தின் மேல் உருவானவை. அப்படிப் பார்த்தால் எந்தத் தீவுக்கும் ஏதோ ஒரு ஹவுஸ் ரீஃப் இருக்கத்தான் செய்யும். அது கரையிலிருந்து முப்பது மீட்டரில் இருக்கிறதா, ஐந்நூறு மீட்டரிலா? வற்றுநீரில் பவளத்தை மிதிக்காமல் வெளியே போக வழி உண்டா? துணைக்கு ஓர் ஆளோடு நானே இறங்கலாமா, வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்களா? கேட்டால் மௌனம்.

போன தடவை நடந்ததால்தான் இவ்வளவு கொதிப்பு. இரண்டு வருடம் சேர்த்த பணம். பெயர் சொல்ல விரும்பவில்லை, நல்ல விலைக்கார ரிசார்ட்தான். போய் இறங்கியதும் நானும் மனைவியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்தோம். நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம். இருபது நிமிடத்துக்குப் பிறகு விளிம்பு வந்தது. கீழே பார்த்தால் உடைந்த குச்சிகளாக மான்கொம்புப் பவளம், மேலே பச்சைப் பாசி. ஒரு மேடு முழுக்க எலும்பு கொட்டிக் கிடந்த மாதிரி. மனைவி தலையை வெளியே தூக்கி, "ஏங்க, படத்துல இருந்தது இது இல்லையே" என்றாள். படத்தில் இருந்தது இதுதான். எந்த வருடத்துப் படம் என்பதைத்தான் அவர்கள் சொல்லவில்லை.

படத்துக்குத் தேதி ஏன் வேண்டும் என்றால், மாலத்தீவின் பவளம் மூன்று தடவை பெரிதாக அடி வாங்கியிருக்கிறது. 1998இல் எல் நினோ வெப்பத்தில் ஆழமில்லாத இடங்களின் பவளத்தில் பெரும்பகுதி செத்தது. மீண்டு வரப் பல இடங்களில் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனது. தலைநிமிர்ந்த நேரத்தில் 2016 வந்தது. ஆராய்ந்து பார்த்த இடங்களில் பாதிக்கு மேற்பட்ட பவளம் வெளுத்திருந்தது. அப்புறம் 2024. கோடையின் உச்ச வெப்பத்துக்கும் மேலே ஒரே ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும். பவளம் தனக்குள் வைத்திருக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். சோறு போடுவதும் நிறம் கொடுப்பதும் அந்தப் பாசிதான். பாசி திரும்பாவிட்டால் பட்டினியில் சாவு. 2015இல் எடுத்த படத்தை இன்றைக்கும் முகப்பில் வைத்திருப்பவன், செத்துப்போனவரின் புகைப்படத்தைக் காட்டி ஆள் வீட்டில் இருக்கிறார் என்கிறான். இதைப் பொய் என்றுதான் சொல்வேன், விளம்பரம் என்று சொல்லமாட்டேன்.

அந்த ரிசார்ட்டின் டைவ் சென்டரில் இருந்த மாலத்தீவுப் பையன்தான் உண்மையைச் சொன்னான். கடல் அரித்துக்கொண்டு போகும் மணலுக்கு ஈடாக, வருடா வருடம் பக்கத்திலிருந்து மணலை உறிஞ்சிக் கரையில் கொட்டுகிறார்களாம். அந்தத் தூசு மிதந்து போய்ப் பவளத்தின் மேல் படிகிறது. விருந்தினருக்குக் காலில் பச்சையாக ஏதும் படக்கூடாது என்று கடற்புல்லையும் பிடுங்குகிறார்கள். ஆமை மேயும் புல் அது. வெப்பம் உலகத்தின் குற்றம், சரி. இந்த மணலும் புல்லும் யார் குற்றம்? தினமும் தண்ணீரில் இறங்கும் அந்தப் பையனுக்கு எந்த மூலையில் பவளம் பிழைத்திருக்கிறது என்று அத்துப்படி. அவன் அறிந்ததில் ஒரு வரி அவர்கள் வெப்சைட்டில் ஏறியிருந்தால் நான் அங்கே போயிருக்கவே மாட்டேன். ஏறாததற்குக் காரணமும் அதுதான்.

'வருடம் முழுவதும் அருமையான டைவிங்' என்று இன்னொன்று எழுதுகிறார்கள். படிக்கும்போதே எரிகிறது. மாலத்தீவில் கடல் இரண்டு பருவத்துக்கு இரண்டு விதம். சுமாராக டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவம், நீரோட்டம் கிழக்கிலிருந்து உள்ளே வரும், கிழக்குப் பக்கத்துக் கண்டுகளில் தண்ணீர் தெளிவாக இருக்கும். மே முதல் தென்மேற்குப் பருவத்தில் அது தலைகீழ். மிதவை உயிரிகள் கிழக்குப் பக்கம் சேரும், அவற்றைத் தின்ன மாண்டா திருக்கைகளும் அங்கே வரும். பா அட்டாலின் ஹனிஃபாரு வளைகுடாவில் மே முதல் நவம்பர் வரை அவை கூட்டமாக வருவது இதனால்தான். அங்கே சிலிண்டரோடு மூழ்கும் ஸ்கூபா கிடையாது, மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்க்கும் ஸ்னார்க்கெலிங் மட்டும்தான். பா அட்டால் 2011இலிருந்து யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். இதையெல்லாம் சொல்லாமல், பிப்ரவரி மாதத்துக்கு அறை கேட்கிறவனிடம் மாண்டா படத்தைக் காட்டி விற்கிறார்கள். சிலிண்டரோடு மாண்டாவுக்கு நடுவே மிதக்கலாம் என்று நினைத்துப் பணம் கட்டிய ஒரு நண்பனை எனக்குத் தெரியும். விமானம் ஏறும்வரை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

காசு விஷயத்திலும் இதே மறைப்பு. அறை வாடகைக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் சுற்றுலா வரி. ரிசார்ட்டுகளுக்கான பசுமை வரி 2025 ஜனவரியிலிருந்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். வரி அரசாங்கத்துடையது, அதில் எனக்குச் சண்டை இல்லை. டைவிங்குக்குப் படகுக் கூலி தனி, உபகரண வாடகை தனி, நாலு பேர் சேராவிட்டால் படகே கிளம்பாது என்பதை அங்கே போன பிறகு சொல்கிறார்களே, அதற்குத்தான் சண்டை. எங்களுக்கு இரண்டு நாள் அப்படியே போனது. கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும், மாலையில் தலைநகர் மாலே போய் இறங்கினால் அந்த இரவு அங்கேயே. தொடர்ந்து டைவிங் செய்தவன் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும், அதனால் கடைசி நாளும் போச்சு. ஆறு இரவுக்குப் பணம் கொடுத்து, நான் தண்ணீருக்குள் இருந்தது ஐந்தே டைவ்.

இப்போது எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புகிறேன். கரையிலிருந்து விளிம்பு எத்தனை மீட்டர்? 2024க்குப் பிறகு ஐந்து மீட்டர் ஆழத்தில் உயிருள்ள பவளம் எப்படி இருக்கிறது? நாங்கள் வரும் மாதத்தில் எந்தப் பக்கம் தெளிவாக இருக்கும்? மூன்றே கேள்வி. பதினான்கு இடங்களுக்குப் போட்டேன். ஒன்பது பதிலில் ஸ்பா சலுகை, தேனிலவுக் கேக், 'எங்கள் விருந்தினர்கள் மிகவும் மகிழ்ந்தார்கள்'. நாலு பேர் பதிலே போடவில்லை.

ஒரே ஓர் இடம் ஒழுங்காகப் பதில் போட்டது. ரிசார்ட் இல்லை, உள்ளூர் மக்கள் வாழும் தீவில் ஒரு சின்ன விருந்தினர் விடுதி, ரிசார்ட் வாடகையில் கால்வாசி. தெற்குப் பக்கம் 2024இல் நிறைய போய்விட்டது, வடக்கு முனையில் எட்டு மீட்டருக்குக் கீழே நன்றாக இருக்கிறது, விளிம்பு எழுபது மீட்டர், நீரோட்டம் அதிகம் என்பதால் புதியவர்களைத் தனியே விடுவதில்லை என்று எழுதிவிட்டு, அன்று காலை எடுத்த வீடியோவையும் அனுப்பியிருந்தார்கள். வெளுத்ததும் அதில் இருந்தது, பிழைத்ததும் இருந்தது. மூன்று நிமிட வேலை. அந்த விடுதியால் முடிந்தது, கடல் உயிரியல் படித்த ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் இடங்களால் ஏன் முடியவில்லை? முடியாமல் இல்லை, மனசு இல்லை. பவளம் செத்ததை ஒப்புக்கொண்டால் அறை நிரம்பாது என்ற பயம். அந்தப் பயத்துக்கு என் சேமிப்பைக் கொடுக்க நான் தயாரில்லை.

மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்தவும் போவதில்லை. இன்னும் ஏழு இடம் பாக்கி இருக்கிறது. மீட்டரில் ஓர் எண், தேதி போட்ட ஒரு படம். அது வராமல் யாருக்கும் முன்பணம் கிடையாது.