நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்

எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்களிடம் நேரில் சொல்லத் தயங்கிய ஒன்றை இங்கே எழுதுகிறேன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து, என் மனைவியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அவளுக்கு அல்சைமர் வகை மறதிநோய் என்று உறுதியாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் 31 ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகியவள். இப்போது அவளை நோக்கிக் கேள்வி வந்தவுடன், "தெரியாம என்ன, சாப்பிட்டீங்களா?" என்று சிரித்துச் சமாளிக்கிறாள். அந்தச் சமாளிப்புக்கு அவள் எவ்வளவு பாடுபடுகிறாள் என்பது பக்கத்திலேயே இருக்கும் எனக்குத்தான் தெரியும். வந்தவர் அதோடு விடுவதில்லை. "அதெல்லாம் சரி, பேரைச் சொல்லுங்க" என்கிறார். பாடம் படிக்காமல் வந்த பிள்ளை பக்கத்து பெஞ்சைப் பார்ப்பதைப் போல அவள் என்னைப் பார்க்கிறாள்.

மருத்துவர் கேட்பது வேறு. 30 மதிப்பெண்ணுக்கான நினைவாற்றல் சோதனையில் இன்று என்ன கிழமை என்றும், 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கும்படியும் கேட்பதற்குக் காரணம் உண்டு. (93-க்கு மேல் நகர முடியாமல் அவள் நின்றதை நான் பார்த்தேன். அதை விவரிக்க விரும்பவில்லை.) இந்த நோயின் முதல் பதிவே ஒரு கேள்வி பதில்தான். 1901-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்மணியிடம் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் பெயரைக் கேட்டார், "அகுஸ்டே" என்றார். கணவர் பெயரைக் கேட்டபோதும் தயங்கித் தன் பெயரையே சொன்னார். 1906-இல் அவர் இறந்த பின் மூளையை ஆராய்ந்த அல்சைமர், இந்த நோயை உலகுக்கு விவரித்தார். அவர் கேட்ட கேள்விகளால் ஒரு பயன் விளைந்தது. உங்கள் பெயரை அவள் சொல்லிவிட்டாலோ சொல்லாமல் போனாலோ யாருக்கு என்ன ஆகப் போகிறது?

நானும் இதே தவற்றைச் செய்தவன்தான். மாலை ஆறு மணியானால் அவள் கட்டைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். "வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்க" என்பாள். "இதுதானே உன் வீடு, உன் அம்மா போய் இருபது வருஷம் ஆச்சே" என்று நான் விளக்கினேன். செய்தியை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டவளைப் போல் அழுதாள். மறுநாளும் விளக்கினேன், மறுநாளும் அழுதாள். உண்மையைச் சொல்கிறேன் என்ற பிடிவாதத்தில் ஒரே வாரத்தில் அவளுக்கு மூன்று முறை தாயைப் பறிகொடுக்க வைத்தேன். இப்போது, "காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்கிறேன். பிறகு இருவரும் தெருமுனைப் பிள்ளையார் கோவில் வரை நடந்து திரும்புகிறோம். வாசல் கோலத்தைப் பார்த்ததும் தானாக உள்ளே வந்துவிடுகிறாள்.

புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப்பகுதியைத்தான் இந்த நோய் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. ஆனால் நடந்தது மறந்த பின்னும், அது தந்த கலக்கம் மனத்தில் தங்கிவிடுகிறது. நீங்கள் வந்து போனதே அவளுக்கு நினைவில் இருக்காது. ஏதோ தோற்றுவிட்டோம் என்ற உணர்வு மட்டும் இரவு இரண்டு மணி வரை அவளைக் கூடத்தில் நடக்க வைக்கிறது, கூடவே என்னையும். நீங்களோ, "எங்களையே மறந்துட்டாங்க" என்று உங்கள் வருத்தமாக அதை ஊரெல்லாம் சொல்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரசம் வைப்பதற்கும் அவளுக்குத் தலை பின்னுவதற்கும் என்னைத் தெய்வம் என்று புகழ்கிறார்கள். எங்கள் தெருவிலேயே பக்கவாதத்தில் படுத்த கணவரை ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் அம்மாளை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

வருபவர்கள் உள்ளே நுழையும்போதே, "அத்தை, நான் உங்க நாத்தனார் மகன், திருமங்கலத்துல இருந்து வந்திருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். அதன்பின் கேள்வி வேண்டாம், கைவேலை கொடுங்கள். பெயர்கள் போனாலும் கைகள் பழகியது இன்னும் போகவில்லை. சென்ற மாதம் என் தங்கை மகள் உதிரி மல்லியை மடியில் கொட்டியதும், என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு முழம் கட்டிமுடித்து, அந்தப் பெண்ணின் தலையிலேயே வைத்துவிட்டாள். அந்தப் பெண் யாரென்று அவளுக்குத் தெரியாது. அன்று இரவு இருவரும் நன்றாகத் தூங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வருகிறாள். ஆப்பிள் வேண்டாம், கால் கிலோ உதிரி மல்லியும் வாழைநாரும் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.