எகிப்தை ஒரே நிறமாகப் பார்க்காதீர்கள்

மண் வரைபடத்தையும் மக்கள் அடர்த்தி வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்ததில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, எகிப்தே சாட்சி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. அவர் எடுத்திருப்பது நாட்டுச் சராசரி வரைபடம். அதில் எகிப்து முழுக்க ஒரே நிறம், சதுர கிலோமீட்டருக்கு நூற்றுச் சொச்சம் பேர். உண்மையில் அந்நாட்டு மக்களில் சுமார் 95 சதவீதம் பேர் நைல் நதியை ஒட்டியும் அதன் டெல்டாவிலும்தான் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அது மொத்த நிலத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்! நிலத்தை 100 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து மக்கள்தொகையைக் காட்டும் வேர்ல்டுபாப் (WorldPop) போன்ற வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஆற்றோரம் மெல்லிய பட்டை, கெய்ரோவுக்கு வடக்கே விசிறியாக விரிகிறது. வண்டல் மண்ணும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான்.

அதற்காக மண்தான் எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. உக்ரைனின் கருமண் அவ்வளவு வளமானது, ஆனால் அங்கே நெருக்கம் வங்கதேசத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அப்புறம், சாயில்கிரிட்ஸ் (SoilGrids) என்ற உலக மண் வரைபடத்தின் 250 மீட்டர் கட்டம் ஒவ்வொன்றிலும் யாரும் குழி தோண்டிப் பார்க்கவில்லை. கிடைத்த மாதிரிகளை வைத்துக் கணினி கணித்தது அது. அதேபோல, ஓரிடத்தின் இயற்கையான சூழலைக் காட்டும் சூழல்மண்டல வரைபடத்தில் காடு என்று இருக்கும் இடம் இன்று வயலாகவோ நகரமாகவோ இருக்கலாம். இன்றைய நிலை தெரிய, நிலத்தின் மேல் இருப்பது காடா, வயலா, கட்டடமா என்று காட்டும் நிலப்போர்வை வரைபடத்தையும் சேர்த்துத் திறக்க வேண்டும்.