பேனல் பிராண்ட் இருக்கட்டும், பகலில் உங்கள் வீட்டு மீட்டர் எவ்வளவு ஓடுகிறது?

சோலார் போடலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் நீட்டுவது கோட்டேஷனை. கூடவே ஒரு கேள்வி: "இந்த பிராண்ட் நல்லதா?" கோலாலம்பூரிலோ பினாங்கிலோ டெரஸ் வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஐந்தாவதோ ஆறாவதோ கேட்க வேண்டிய கேள்வி. காலை ஒன்பது மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில் உங்கள் மீட்டர் எத்தனை யூனிட் ஓடுகிறது? அதுதான் முதல் கேள்வி. பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது. விற்க வருகிறவரும் கேட்பதில்லை, ஏனென்றால் பதில் தெரிந்தால் பாதிப் பேர் சின்ன சிஸ்டம்தான் வாங்குவார்கள்.

விதி மாறிவிட்டது, பலர் இன்னும் பழைய கணக்கிலேயே பேசுகிறார்கள். 2011 டிசம்பரில் அரசின் பசுமை மின்சார அமைப்பான செடா தொடங்கிய ஃபிட் திட்டத்தில், நிலையான விலைக்குக் கூரை மின்சாரத்தை விற்க 21 வருஷ ஒப்பந்தம் கிடைத்தது. பிறகு வந்தது நெம், அதாவது கொடுத்த யூனிட்டை பில்லில் கழிக்கும் திட்டம். 2019 முதல் அதில் ஒன்றுக்கு ஒன்று: பகலில் மின் நிறுவனமான டிஎன்பிக்கு ஒரு யூனிட் கொடுத்தால் இரவில் ஒரு யூனிட் கழியும். கிரிட்டே இலவச பேட்டரி மாதிரி. அந்தக் காலத்தில் கூரை நிறைய பேனல் அடுக்கியது சரிதான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அது 2025 ஜூன் 30-ஓடு முடிந்தது. 2026 ஜனவரி முதல் சோலார் அதாப். (தோட்டத்தில் அத்தாப்பு வீடு என்று சொல்வோமே, அதே சொல்தான். மலாயில் கூரை.)

அதாப்பில் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு மின்சக்திக் கட்டணம் மட்டும்தான் கழியும். 2025 ஜூலையில் வந்த கட்டணப்படி, மாதம் 1,500 யூனிட்டுக்குள் எடுக்கும் வீட்டுக்கு அது 27.03 சென். நீங்கள் டிஎன்பியிடம் வாங்கும் யூனிட்டுக்கோ அதோடு திறன் கட்டணம் 4.55 சென்னும் வலையமைப்புக் கட்டணம் 12.85 சென்னும் சேர்ந்து 44.43 சென். வீட்டுக்குள்ளேயே செலவான சோலார் யூனிட் 44.43 சென் மிச்சப்படுத்தும், வெளியே போன யூனிட் 27.03 தான் தரும். நடுவில் 17.40 சென் காணோம். மாதக் கடைசியில் கழிக்க இடமில்லாமல் மிஞ்சும் கிரெடிட் அடுத்த மாதத்துக்கும் வராது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 3.5 யூனிட் தரும் என்று வைத்தால், 5 கிலோவாட்டுக்கு 17.5 யூனிட், மாதம் 525. புருஷனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் பகலில் ஓடுவது ஐஸ் பெட்டியும் வைஃபையும், சுமார் 4 யூனிட். மிச்சம் 13.5 வெளியே போகும். மாதத்துக்கு 53 ரிங்கிட்டும் 109 ரிங்கிட்டும், ஆக 162. அதே சிஸ்டம், தாத்தா பாட்டி வீட்டில் இருந்து மத்தியானம் ஏர்கோன் போடுகிற வீட்டில் 10 யூனிட் உள்ளேயே செலவாகும். அங்கே 194 ரிங்கிட். பழைய ஒன்றுக்கு ஒன்றில் இரண்டு வீட்டுக்குமே 233. விற்பனையாளர் காட்டும் அட்டவணையில் இந்த 233 இருந்தால் அவர் நெம் காலத்துத் தாளையே இன்னும் தூக்கித் திரிகிறார். சிஸ்டம் விலை 20,000 ரிங்கிட் என்று வைத்தால், முதல் வீட்டுக்குப் பணம் திரும்ப பத்து வருஷத்துக்கு மேல், இரண்டாவதுக்கு எட்டரை வருஷம் சொச்சம். இதில் 1,000 யூனிட்டுக்குள் எடுப்பவர்களுக்கான தள்ளுபடியும் வரியும் சேர்க்கவில்லை. தள்ளுபடி, பில் சின்னதாக இருக்கிற வீட்டுக்கு சோலாரின் லாபத்தை இன்னும் குறைக்கும்.

அதனால் ஒரு வாரம் மீட்டரை காலையிலும் மாலையிலும் குறித்து வையுங்கள், ஞாயிறும் சேர்த்து. பகல் யூனிட்டை 3.5 ஆல் வகுத்தால் உங்களுக்குத் தேவையான கிலோவாட்டுக்குக் கீழ் எல்லை கிடைக்கும். மேகம் வந்து போகிறதால் அதற்குக் கொஞ்சம் மேலே போகலாம், இரண்டு மடங்கு வேண்டாம். வாஷிங் மெஷின், மாவு கிரைண்டர், அயர்ன் எல்லாவற்றையும் மத்தியானத்துக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். காலை ஆறு மணிக் குளியல் ஹீட்டருக்கு சோலார் உதவாது, அப்போது சூரியனே வந்திருக்காது.

பேட்டரி? "மிச்சத்தை இரவுக்குச் சேமிக்கலாம்" என்பார்கள். 5 யூனிட் பேட்டரியில் நாளுக்கு 4.5 யூனிட் பயன்படுத்தினால் வருஷத்துக்கு 1,640 சொச்சம். ஒவ்வொன்றிலும் காப்பாற்றுவது 17.40 சென், ஆக 286 ரிங்கிட், அதிலும் ஏற்றி இறக்கும் இழப்பு வேறு. 8,000 ரிங்கிட் சொன்னால் 28 வருஷம். பேட்டரி அதுவரை உயிரோடு இருக்காது. கிரெடிட் வீணாகிற அளவுக்குப் பெரிய சிஸ்டம் போட்டவர்களுக்குத்தான் அது கொஞ்சம் கட்டுப்படியாகும், அவர்கள் செய்திருக்க வேண்டியது சின்ன சிஸ்டம். கரண்ட் போனால் விளக்கு எரிய வேண்டும் என்றால் வாங்குங்கள், ஆனால் அது வேறு காரணம். பேட்டரி இல்லாத சாதாரண சிஸ்டம் கரண்ட் போனதும் தானே நின்றுவிடும், நல்ல வெயிலில்கூட. லைனில் வேலை செய்கிற டிஎன்பி ஆளுக்கு அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

இனி பேனல். இன்று சந்தையில் இருப்பது பெரும்பாலும் டாப்கான் என்ற செல் வகை. அதற்கு முந்தியது பெர்க். விலை கூடிய வகைகள் எச்ஜேடி, பேக் கான்டாக்ட். நம் கூரையில் மத்தியானம் செல் 65 டிகிரி வரை சூடாகும். ஆய்வுக்கூட அளவு 25 டிகிரியில் எடுத்தது, இடைவெளி 40 டிகிரி. பெர்க் ஒரு டிகிரிக்கு சுமார் 0.35 சதவீதம் இழக்கும், 40-க்கு 14 சதவீதம். டாப்கான் 0.29, அதாவது 11.6. எச்ஜேடி 0.25, அதாவது 10. டாப்கானுக்கும் எச்ஜேடிக்கும் வித்தியாசம் 5 கிலோவாட்டில் 80 வாட், ஒரு மேசை விசிறி அளவு. பெரோவ்ஸ்கைட் டான்டம் (சிலிக்கான் மேல் இன்னொரு பொருளின் செல்லை அடுக்கியது) என்று யாராவது பேசினால் சிரித்துவிட்டு டீ கொடுத்து அனுப்புங்கள். 2025-ல் சிலிக்கானோடு சேர்த்து 34.85 சதவீத வெளிச்சத்தை மின்சாரமாக்கியது சின்ன ஆய்வுக்கூட செல். ஈரமும் சூடும் அதற்குப் பகை, நம் ஊரில் இரண்டும் தாராளம்.

பினாங்கின் பிறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கூலிமில் ஃபர்ஸ்ட் சோலார் காட்மியம் டெலுரைடு மெல்லிய படல பேனல் செய்கிறது, அது பெரிய பண்ணைகளுக்கான சரக்கு. மலேசியத் தொழிற்சாலைகள் பல ஆண்டுகளாக அமெரிக்காவை நம்பி ஓடின. 2025-ல் மலேசியா உட்பட நான்கு நாட்டுப் படிக சிலிக்கான் செல்களுக்கு அமெரிக்கா வரி போட்டதும் அந்தக் கணக்கு உடைந்தது. நமக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான்: சீனா தேவைக்கு மிஞ்சிச் செய்து குவித்ததில் 2024 கடைசியில் பேனல் விலை அங்கே வாட்டுக்கு 10 அமெரிக்க சென்னுக்குக் கீழே போனது. 5 கிலோவாட்டுக்கு 500 டாலர்கூட இல்லை. கோட்டேஷனில் மீதிப் பணம் எங்கே போகிறது? இன்வெர்ட்டர் (பேனலின் டிசியை வீட்டு ஏசியாக்கும் பெட்டி), பேனலைத் தாங்கும் ரெயில், கேபிள், ஆள் கூலி, லாபம். பணம் எங்கே போகிறதோ அங்கேதான் கேள்வி கேட்க வேண்டும்.

620 வாட் பேனல் 2.38 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், 30 கிலோவுக்கு மேல். எட்டு பேனல் இரண்டு வரிசையாக 20 அடி டெரஸ் கூரையில் அடங்கும். தெற்கு பார்க்கவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் வேறு நாட்டு வீடியோ பார்த்தவர்கள். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு மூன்று டிகிரி வடக்கே, பினாங்கு ஐந்தரை. கிழக்கு மேற்கு இரண்டும் ஓடும். கோலாலம்பூரில் மாலை இடிமழைக்கு மேகம் மத்தியானமே கூடிவிடுவதால் கிழக்குக் கூரை கொஞ்சம் மேல். சாய்வு 10 டிகிரிக்குக் குறைந்தால் கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும்.

நிழலைத்தான் பார்க்க வேண்டும். பேனலுக்குள் மூன்று பைபாஸ் டயோடு, நிழல் பட்ட பகுதியை ஒதுக்கி கரண்டை வேறு வழியில் விடுபவை. பக்கத்து வீட்டுக்காரர் உயர்த்திக் கட்டிய சுவரின் நிழல் ஒரு பகுதியில் விழுந்தால் அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் அப்படியே நின்றுபோகும். ஆஸ்ட்ரோ டிவித் தட்டை முதலில் இடம் மாற்றுங்கள்.

ஓடு போட்ட கூரையில் ஒழுகல் வருவது ரெயிலைப் பிடிக்கும் கொக்கி கீழ் ஓட்டின் மேல் அழுந்தும்போது. மேல் ஓட்டின் அடிப்பக்கத்தைக் கிரைண்டரில் செதுக்கி, கொக்கிக்கும் கீழ் ஓட்டுக்கும் இடைவெளி விட வேண்டும். அவசரப்பட்டவர்கள் செதுக்காமல் ஓட்டை அழுத்தி உட்கார வைப்பார்கள். அன்று ஒன்றும் தெரியாது, யாராவது மேலே மிதித்த பிறகு விரிசல், அடுத்த பெருமழையில் சீலிங்கில் கறை. பழைய தாமான்களில் (குடியிருப்புகளில்) இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை உண்டு. அதில் துளையே போடக் கூடாது, கூரையை மாற்றிவிட்டுத்தான் சோலார்.

பல நேரம் தீப்பிடிக்கிற இடம் பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர். ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை வேறு கம்பெனி என்றாலும் கிளிக் என்று மாட்டிக்கொள்ளும், அதுதான் ஆபத்து. உள்ளே உலோகம் சரியாகப் பொருந்தாமல் தடை கூடி, சூடேறி, பிளாஸ்டிக் உருகி, டிசி பொறி விடும். ஏசி மாதிரி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்துக்கு வராததால் அந்தப் பொறி தானாக அணையாது. கையில் உள்ள பிளையரால் கேபிள் முனையை அழுத்தி கிரிம்ப் செய்கிறவரை அங்கேயே நிறுத்துங்கள், அதற்கென்று தனிக் கருவி உண்டு. கனெக்டர் ஓட்டின் மேல் கிடக்கக் கூடாது, ரெயிலில் கட்டி, கேபிள் கீழ்நோக்கி வளைந்து தண்ணீர் சொட்டிவிடும்படி இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மூன்று படம் கேளுங்கள்: பேனல் மூடுவதற்கு முன் கொக்கிகள், கனெக்டர்களின் இரண்டு முனையிலும் உள்ள பெயர், டிசி பெட்டிக்குள் இடி தடுப்பான். கூடவே ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் (தொடராக இணைத்த பேனல் வரிசையின்) வோல்டேஜும் இன்சுலேஷன் அளவும் எழுதிய தாள். இன்வெர்ட்டரை மேற்குச் சுவரில் வெயில் படும்படி மாட்டியிருந்தால் மிச்சப் பணம் கொடுப்பதற்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள்.