மன உறுதி இல்லாததால் யாரும் சாகவில்லை

புற்றுநோயில் இறந்துபோன எங்கள் ஊர்த் தம்பி ஒருவனுக்குச் சென்ற ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூரில் நடந்த படத்திறப்பில் என்ன பேசப்பட்டது என்று இதைப் படிக்கிற பெரும்பாலோருக்குத் தெரியும். காணொளி ஊரெல்லாம் சுற்றிவிட்டது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை.

"தம்பிக்கு இன்னும் கொஞ்சம் மன உறுதி இருந்திருந்தால் இன்று நம்மோடு இருந்திருப்பான். எனக்குத் தெரிந்த ஒருவர் புற்றுநோயைச் சிரித்துக்கொண்டே விரட்டியடித்தார்" என்றார் அங்கே பேசிய ஊர்ப் பெரியவர். வளவில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். முதல் வரிசையில் தம்பியின் தாயார். மடியில் இருந்த சிறு துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பேச்சு முடியும்வரை அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

பெரியவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஊருக்கு அவர் நிறையச் செய்திருக்கிறார். ஆனால் அந்த வாக்கியம் உண்மையல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால் சொல்லக்கூடியதும் அல்ல.

தம்பிக்கு வந்தது சார்கோமா. தசை, கொழுப்பு, நரம்பு போன்ற மென்திசுக்களில் வருகிற புற்றுநோய். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றுதான் இது. அந்த ஒன்றுக்குள்ளேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள். ஒன்று ஆண்டுக்கணக்கில் இருந்த இடத்திலேயே கிடக்கும். இன்னொன்று சில மாதங்களில் நுரையீரலுக்குப் போய்விடும். தம்பிக்குக் கட்டி இருந்தது வயிற்றின் பின்புறத்தில், முதுகெலும்பை ஒட்டி. அங்கே இடம் அதிகம். கட்டி வளர்ந்து குடலையோ சிறுநீரகத்தையோ அழுத்தும்வரை வெளியே ஒன்றுமே தெரியாது. தெரியவந்தபோது அது தேங்காய் அளவுக்கு மேல் வளர்ந்திருந்தது. சுற்றியிருக்கும் உறுப்புகளை விட்டுவிட்டு அதை முழுதாக எடுப்பது எந்த அறுவை மருத்துவருக்கும் கடினம். இதில் அவன் மன உறுதி எங்கே வருகிறது? சிரித்துக்கொண்டே விரட்டியவருக்கு எந்தப் புற்றுநோய், எந்த உறுப்பில், எந்த நிலையில் என்று பெரியவர் கேட்டாரா? எல்லாவற்றுக்கும் புற்றுநோய் என்று ஒரே பெயர் இருப்பதால் எல்லாம் ஒரே நோயாகிவிடுமா?

உயிர் பிழைப்பதைத் தீர்மானிப்பவை வேறு. கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேலா, கீழா? தோலுக்கடியில் மேலாக இருக்கிறதா, தசைக்குள் ஆழத்தில் இருக்கிறதா? கையிலா காலிலா, வயிற்றுக்குள்ளா? எல்லாவற்றையும்விடப் பெரியது கிரேடு. உயிரணுக்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, கட்டிக்குள் எவ்வளவு பகுதி செத்துப்போயிருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து 1, 2, 3 என்று கொடுப்பார்கள். அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, தோன்றிய இடத்திலேயே நிற்கும்போது கண்டுபிடித்தால் ஐந்தாண்டு கழித்து 100 பேரில் ஏறத்தாழ 80 பேர் உயிரோடு இருக்கிறார்கள். தொலைவில் இருக்கும் உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் 20 பேருக்கும் குறைவு. அந்த 80 பேரும் தைரியசாலிகள், மற்றவர்கள் கோழைகள் என்றா சொல்வது?

இன்னொன்று. இரைப்பையிலும் குடலிலும் ஜிஸ்ட் என்றொரு சார்கோமா வரும். பரவிவிட்டால் கீமோவுக்கு அது அசையவே அசையாது. 2002-இல் இமாட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அந்த நோய்க்காக அனுமதி கிடைத்தது. அதன் பிறகு அதே நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். மாத்திரை வருவதற்கு முன் இறந்தவர்களுக்கெல்லாம் மன உறுதி குறைவாகவா இருந்தது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் அண்ணன் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்தவன். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கும்போது அவன் கை ஒரு நூல்கூட அசையாது. வலது தொடையில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. வலி கிடையாது. இந்தக் கட்டிகள் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது என்றார்கள். எங்கேயோ இடித்துக்கொண்டான் என்றார்கள். ஐந்தாறு மாதத்தில் அது மாங்காய் அளவுக்கு வந்துவிட்டது.

ஒரு மருத்துவமனையில் கையால் தொட்டுப் பார்த்து, கொழுப்புக் கட்டி என்றார்கள். ஸ்கேன் இல்லை. ஊசி வழியாகச் சதை எடுத்துச் சோதிக்கவும் இல்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, தொடையின் குறுக்கே கீறி எடுத்துவிட்டார்கள். எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து எனக்குக் காட்டினார்கள். "இதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டாமா?" என்று கேட்டேன். "இதற்கெல்லாம் எதற்கம்மா?" என்றார்கள். நானும் சரி என்று வந்துவிட்டேன்.

ஏழு மாதத்தில் அதே தழும்பின் கீழே மறுபடியும் வந்தது. மதுரைக்குப் போனோம். எம்ஆர்ஐ, ஊசி பயாப்ஸி, நெஞ்சுக்கு சிடி. கிரேடு 3 சார்கோமா. முதல் கத்தி போன வழியெல்லாம் அந்த உயிரணுக்கள் சிந்தியிருக்கலாம் என்பதால் அந்தத் தழும்பு முழுவதையும் சுற்றுச்சதையோடு எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். காலின் நீளவாக்கில் கீறியிருந்தால் குறைவாக எடுத்திருக்கலாமாம். குறுக்கே கீறியிருந்ததால் தொடையில் பாதி போயிற்று. ஆறு வாரம் கதிர்வீச்சு. அதன் பிறகும் அண்ணன் பட்டறைக்குப் போனான். குத்துக்காலிட முடியாது என்று உயரமாக ஒரு பலகை போட்டு அதன்மேல் கண்ணாடியை வைத்து, நின்றுகொண்டே பூ போட்டான். கை அசையவில்லை. ஒன்றரை ஆண்டில் நுரையீரலில் புள்ளிகள்.

அவனுக்கா மன உறுதி இல்லை?

"காலை அப்போதே எடுத்திருந்தால் பிழைத்திருப்பான், அதற்குத் தைரியம் இல்லை" என்று துக்கத்துக்கு வந்த உறவினர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே சொன்னார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 43 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 1982-இல் வெளிவந்தது. சிலருக்குக் காலையோ கையையோ எடுத்தார்கள். மற்றவர்களுக்கு அதைக் காப்பாற்றி, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். உயிர் பிழைத்ததில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இதை அன்றைக்கே அந்த உறவினரிடம் சொல்ல எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மன உறுதியே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். கீமோ வாந்தியைத் தாங்க வேண்டும், மதுரைக்கு முப்பது நாள் பஸ் ஏற வேண்டும், பாதியில் விட்டுவிடாமல் இருக்க வேண்டும். நான் மறுக்கவில்லை. அதற்குமேல் அதன் தலையில் எதையும் ஏற்றாதீர்கள் என்கிறேன்.

மருத்துவர்களைக் குறை சொல்கிறேன் என்பீர்கள். சாதாரணக் கட்டிகள் நூறு வந்தால் இப்படி ஒன்றுதான் வரும் என்பது எனக்கும் தெரியும். பணிக்காலம் முழுவதும் ஓரிரண்டைத்தான் பார்த்திருப்பார்கள். சரி. அதனால்தானே ஆழத்தில் இருக்கும் கட்டி, 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, எடுத்த இடத்திலேயே திரும்ப வரும் கட்டி என்றால் கத்தி வைக்கும் முன் ஸ்கேனும் பயாப்ஸியும் என்று விதி வைத்திருக்கிறார்கள்? எடுத்த சதையை நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்ப என்ன பெரிய செலவு? ஊசி குத்தினால் பரவிவிடும் என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. குத்தாமல் வெட்டியதால் என்ன ஆயிற்று என்று மேலே எழுதியிருக்கிறேன்.

"நல்லெண்ணத்தில்தானே பேசினார்" என்று மூன்று பேர் எனக்குச் செய்தி அனுப்பினீர்கள். இருக்கட்டும். கடைசி மாதம் நானும் நல்லெண்ணத்தில்தான் அண்ணனிடம், "நீ தைரியமாக இருந்தால் சரியாகிவிடும்" என்று தினமும் சொன்னேன். ஒரு நாள் இரவு, மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் தைரியமாகத்தானே இருக்கிறேன், பிறகு ஏன் சரியாகவில்லை?" என்று கேட்டான். கேலியாக அல்ல. உண்மையாகவே தன்னிடம் ஏதோ குறை என்று நினைத்துக் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

படத்திறப்பு முடிந்து வெளியே வரும்போது முகப்பில் தம்பியின் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் பயப்படவே இல்லையே அம்மா" என்றார். "ஆமாம் ஆச்சி, பயப்படவில்லை" என்றேன்.

காணொளியைப் பரப்புகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பெரியவர் தம்பியின் படிப்பைப் பற்றியும் குணத்தைப் பற்றியும் அழகாகப் பேசியிருக்கிறார், அதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மன உறுதிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் போடுங்கள். ஆச்சியின் கைப்பேசிக்கும் நேற்று அது வந்திருக்கிறது.